பெட்டி வந்த வீடு

பாட்டனி டவுன்ஸ்
12 ஜனவரி 2025

அன்புள்ள கல்யாணிக்கு,

உம்முடைய போனில் என்னை ப்ளொக் பண்ணி அடைத்துவிட்டீர் என்று மூன்றாம் நாள்தான் விளங்கியது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. தபால்காரரை அடைக்க உம்மால் முடியாது என்பதால் இந்தக் காகிதம்.

வேலையை விட்டுவிட்டதாக நீர் எழுதிய கடிதத்தை மேனேஜர் என்னிடம்தான் தந்தார். நான் மாற்று ஆள் தேட வேண்டுமாம். ஏழு வருடம் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். படுக்கை விரிப்பின் ஒரு நுனியை நீரும் மறு நுனியை நானும் பிடித்துக்கொண்டு எவ்வளவு கதைத்திருப்போம். என் மனுசன் செல்வரத்தினம் போனபிறகு நான் வாய்விட்டுக் கதைத்தது உம்மோடுதான். அப்படிப்பட்ட நீர் ஒரு வார்த்தை சொல்லாமல் போனது எனக்குச் சரியான கவலை.

நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் நம் இல்லம் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டி அனுப்புவது உமக்குத் தெரியும். பெயர் கொடுப்பது நான்தான் என்பதும் தெரியும். உம்முடைய மனுசன் ராம்பிரசாத் தம்பிக்குக் கம்பனியில் வேலை போய் மூன்று மாதம் என்று தேநீர் குடிக்கும்போது நீரே சொன்னீர். மகள் மஹதிப் பிள்ளையின் காலைப் பற்றியும் சொல்லி அழுதீர். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க நான் கல்லா? இந்த முறை உம்முடைய பெயரைக் கொடுத்தேன்.

இருபத்து நாலாம் தேதி பின்னேரம் நான் முதியவர்களுக்கு வாசிக்கிற அந்தப் பழைய லண்டன் கதையை நீரும் கேட்டிருக்கிறீர். கஞ்ச முதலாளியை மூன்று ஆவிகள் வந்து உலுக்குகின்றன. விடிந்ததும் அவர் மனம் மாறி, தன் குமாஸ்தாவின் வீட்டுக்குப் பெரிய வான்கோழி ஒன்று அனுப்புகிறார். குமாஸ்தாவின் சின்ன மகனுக்குக் கால் சுகமில்லை, இரும்புச் சட்டம் போட்டிருக்கிறான். அந்தக் கதை வந்தபிறகுதான் பண்டிகை நாளில் இல்லாத வீட்டை நினைக்கிற பழக்கம் ஊரெல்லாம் பரவியது என்று வாசிக்கும் முன் ஒவ்வொரு வருடமும் சொல்லுவேன். அந்தக் கதையிலும் யாரும் கேட்டுவிட்டு அனுப்பவில்லையே, கல்யாணி.

பதில் போடும்.

அன்புடன்,
இராசமலர்


தகனினி
2 பிப்ரவரி 2025

மலர் அக்காவுக்கு,

போனில் எழுதினால் பாதிக் கோபத்திலேயே அனுப்பிவிடுவேன். அதனால் நானும் காகிதத்தில் எழுதுகிறேன். இது மூன்றாவது தாள், முதல் இரண்டைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் அன்றைக்கு எங்கள் வாசலில் இல்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன். கிறிஸ்துமசுக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணி. நான் அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கூரியர் என்று நினைத்து மஹதி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். சிவப்புத் தொப்பி போட்ட ஐந்து பேர் பாட ஆரம்பித்தார்கள். பாட்டு முடிகிறவரை கையில் மாவோடு நான் நின்றேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ராம்பிரசாத் கராஜுக்குள் போய் நின்றுகொண்டார். பத்து வருஷமாகக் கோயில் விழாக்களில் மேடையேறிப் பேசுகிற மனுஷன், அக்கா. துணி காயவைக்கிற ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றார்.

போட்டோ எடுத்தார்கள். கேமராவைக் கண்டால் குழந்தை சிரிக்கத்தானே செய்யும்? அவளும் சிரித்தாள். திங்கட்கிழமை உங்கள் செய்தி மடலில் வந்தது: "அப்பாவுக்கு வேலை இல்லை, காலில் இரும்பு, இருந்தும் இந்தச் சின்னப் பெண் சிரிக்கிறாள்." அது இரும்பு இல்லை, அக்கா. பாதத்தைத் தாங்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிரேஸ். ஊதா நிறத்தில் பட்டாம்பூச்சி போட்டது, அவளே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அப்பாவுக்கு வேலை போனதே அவளுக்குத் தெரியாது. தினமும் லேப்டாப் பையோடு காரில் ஏறி, பாபகூரா லைப்ரரியில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். செய்தி மடல் கோயில் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தது. அங்கிருந்து எல்லார் வீட்டுக்கும் போய்விட்டது. "ஆர் வீ புவர், அம்மா?" என்று கேட்டாள்.

பெட்டிக்குள் ஹாம், அதாவது பன்றித் தொடை, இருந்தது. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு சமோவாக்காரரிடம் கொடுத்தோம். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, மறுநாள் அவர் மனைவி முட்டை சேர்க்காமல் சுட்ட கேக்கை வேலிக்கு மேலாக நீட்டினார். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஏன் இல்லை என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கதை உலகத்துக்குக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தது என்கிறீர்கள். வாங்குகிறவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்றும் அதுதான் கற்றுக்கொடுத்திருக்கிறது. சிரித்துக்கொண்டு, காலில் இரும்போடு. வான்கோழி வந்த அன்று அந்தக் குமாஸ்தா மனைவி அடுப்பில் என்ன வைத்திருந்தாள் என்று உங்கள் முதியவர்களில் ஒருவராவது கேட்டார்களா? என் வீட்டில் அடை மாவு இருந்தது. நாங்கள் பட்டினி இல்லை, அக்கா. எங்களுக்குக் கொஞ்சம் நேரம் சரியில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் சொன்னதை உங்களிடம்தான் சொன்னேன்.

கல்யாணி


பாட்டனி டவுன்ஸ்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள கல்யாணிக்கு,

உம்முடைய கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். செய்தி மடலில் அப்படி எழுதுவார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. படிவத்தில் "காலில் பிரேஸ்" என்றுதான் எழுதினேன். சைவம் என்றும் எழுதினேன். இணையத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன். "ஆனால் எல்லோருக்கும் அந்தப் படம் பிடித்ததே, மலர்" என்றார். பிறகு எடுத்துவிட்டார்கள்.

அப்படி நடந்தது பிழைதான், மன்னியும். ஆனால் பெட்டி அனுப்ப நினைத்தது பிழை என்று இன்னும் எனக்கு மனம் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கும் வந்தது. 1997 ஜூனில் நாங்கள் அகதியாக இந்த நாட்டுக்கு வந்து இறங்கினோம். மகன் பிருந்தனுக்கு நாலு வயது. அந்த டிசம்பர் தேவாலயத்துக்காரர் ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தார்கள். அதற்குள் துணியில் சுற்றிய கறுத்த உருண்டை ஒன்று. பழுதாய்ப்போன கேக் என்று நினைத்து மண்ணில் புதைக்கப் போனேன். அது கிறிஸ்துமஸ் புடிங் என்று பிறகுதான் தெரிந்தது. அவித்துத் தின்றோம். எங்களையும் நினைக்க ஒரு ஆள் இருக்கிறது என்று நான் அன்று அழுதேன். அதனால்தான் பெட்டி என்றால் எனக்கு அன்பு.

என் மனுசன் மட்டும் வெறும் பெட்டியைக் குப்பைக்குப் போடும் முன் அதில் ஒட்டியிருந்த விலாசத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். "என்னப்பா செய்யிறியள்?" என்று கேட்டதற்கு, "பக்கத்து வீட்டுத் தமிழாக்கள் கண்டால் என்ன நினைப்பினம்?" என்றார். கனகாலம் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

மஹதிப் பிள்ளை எப்படி இருக்கிறாள்? அவளைப் பார்க்க வரட்டா?

இராசமலர்


தகனினி
18 மே 2025

மலர் அக்காவுக்கு,

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. எழுத உட்காரத் தெம்பு இல்லை. இப்போது பாபகூராவில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ராம்பிரசாத்துக்கு ஆறு மாத கான்ட்ராக்ட் கிடைத்திருக்கிறது. மோட்டார்வேயிலேயே பாதி ஆயுள் போகிறது, ஆனாலும் போக ஓர் இடம் இருக்கிறது.

மஹதி எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பள்ளியில் அந்தக் கதையைப் படமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். செய்தி மடலும் எல்லார் வீட்டிலும் இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன. கதையில் வரும் அந்த நொண்டிப் பையனின் பெயரைச் சொல்லித்தான் இப்போது வகுப்பில் அவளைக் கூப்பிடுகிறார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, அக்கா. பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஒருத்தி தன் சாண்ட்விச்சில் பாதியைத் தினமும் இவளுக்குக் கொடுக்கிறாளாம். வேண்டாம் என்றால் அழுகிறாளாம்.

பிப்ரவரியிலிருந்து பள்ளியில் பிரேஸைப் போடுவதில்லை. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டுதான் போகிறாள். பள்ளி வாசலில் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறாள். போன வாரம் பையைத் துவைக்க எடுத்தபோது அடியில் கிடந்தது. பட்டாம்பூச்சி மேல் கறுப்பு மார்க்கரால் கிறுக்கியிருந்தாள். ஏண்டி என்று கேட்டேன். "ஐ டோன்ட் வாண்ட் எனிபடி டு ஃபீல் ஸாரி" என்றாள். பத்து வயது.

பிரேஸ் இல்லாவிட்டால் குதிகால் நரம்பு சுருங்கிக்கொண்டே போகும். சுருங்கினால் கத்திதான். ஜூலையில் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். அதுவரை தினமும் காலையில் எனக்கும் அவளுக்கும் சண்டை.

இப்போது வர வேண்டாம். உங்களைக் கண்டால் அவளுக்கு அந்தத் தொப்பிகள்தான் ஞாபகம் வரும்.

கல்யாணி


பாட்டனி டவுன்ஸ்
29 ஜூன் 2025

அன்புள்ள கல்யாணிக்கு,

உம்முடைய கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளை பிரேஸ் போடாமல் நடக்கிறாள் என்றதை நினைத்தால் என் முழங்கால் நோவே மறந்துபோகிறது.

தனியாக ஒரு பார்சலும் அனுப்புகிறேன். பிரேஸ் போட்ட காலுக்கு இரண்டு அளவு பெரிய சப்பாத்து வேண்டும், அதனால் எப்போதும் இரண்டு சோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கால் வீணாகிறது என்று நீர் சொல்வீர். டவுன் சென்டர் கடையில் இரண்டு சோடி வாங்கியிருக்கிறேன். சிவப்பு நிறம், வடிவாக இருக்கிறது. நல்ல சப்பாத்து இருந்தால் பிள்ளைக்குப் போட ஆசை வரும். மறுக்காமல் வாங்கிக்கொள்ளும்.

இராசமலர்


தகனினி
10 ஆகஸ்ட் 2025

மலர் அக்காவுக்கு,

பார்சலைத் திறக்காமலே திருப்பி அனுப்புகிறேன். முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், தெரியும். அவள் இந்த வருஷம் எந்த நிற ஷூ கேட்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. கறுப்பு. யார் கண்ணிலும் படாத கறுப்பு. ஒரு வரி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். நரம்பு சுருங்கிவிட்டது. வாரம் ஒரு மாவுக்கட்டாக ஆறு வாரம் போட்டு இழுத்துப் பார்ப்பார்களாம். அதற்கும் மசியாவிட்டால் ஆபரேஷன். இந்த வாரம் இரண்டாவது கட்டு. மாவுக்கட்டைக் கழற்றிப் பைக்குள் வைக்க முடியாதே என்று வெறுப்பாகச் சிரித்தாள். இந்தப் பிள்ளை இப்படிச் சிரிக்க எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மேல் கோபம் என்றுகூட இப்போது சொல்ல முடியாது. அசதி. வேலை, ஆஸ்பத்திரி, மோட்டார்வே, மறுபடி வேலை. கொஞ்ச நாள் எழுதாமல் இருங்கள்.

கல்யாணி


பாட்டனி டவுன்ஸ்
26 டிசம்பர் 2025

அன்புள்ள கல்யாணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர், நாலரை மாதம் எழுதவில்லை. இன்று மட்டும் பொறுத்துக்கொள்ளும். இதோடு வேறு ஒன்றும் வைக்கவில்லை, ஒரு காகிதத் துண்டைத் தவிர.

நவம்பரில் வழக்கம்போல மேனேஜர் பெட்டிக்குப் பெயர் கேட்டார். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். பத்தொன்பது வருடமாக நான்தான் பெயர் கொடுக்கிறேன். ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தேன். ஒருவரிடமாவது முதலில் கேட்டேனா என்று தேடினேன். ஒருவரிடமும் இல்லை. அவர்களில் மூன்று பேர் பிறகு என்னைக் கடையில் கண்டால் வேறு வரிசைக்குத் தள்ளுவண்டியைத் திருப்பியிருக்கிறார்கள். ஏதோ அவசரம் என்று நினைத்திருந்தேன்.

இந்த வருடம் என் பெயரை எழுதினேன். "ஏன் இந்தக் குடும்பம்?" என்று ஒரு கட்டம் இருக்கும். "வயது அறுபது. கணவர் இல்லை. மகன் பிரிஸ்பேனில், வருவது குறைவு. இரண்டு முழங்காலும் சரியில்லை." எழுதி முடித்துவிட்டு வாசித்தேன். ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அது நானும் இல்லை. உம்மை அந்தக் கட்டத்துக்குள் நான் இப்படித்தான் எழுதி வைத்திருப்பேன்.

மேனேஜர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். இல்லை, அனுப்புங்கள் என்றேன்.

இருபதாம் தேதி சனிக்கிழமை வந்தார்கள். என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளே இரண்டு பேர், மற்ற மூவரையும் தெரியாது. பாடினார்கள். கல்யாணி, அந்தப் பாட்டு எவ்வளவு நீளம்! கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அடுப்பில் கணவாய்க் கறி. அது கரிகிற மணம் வருகிறது, உள்ளே போகவும் முடியாது. தெரியாத பெடியன் ஒருவன் மிக அன்பாகக் குனிந்து, இன்றைக்கு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டான். காலையில் ஆறு இடியப்பம் சாப்பிட்டவள் நான். பன்றித் தொடையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். சிரிக்கச் சொன்னார்கள்.

செய்தி மடல் வந்ததும் கோயில் சிநேகிதி சரோஜாதேவி ரெலிபோன் எடுத்து, "அக்கா, சாப்பாட்டுக்குக் கஷ்டமெண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று அழுதாள். பிருந்தன் பிரிஸ்பேனிலிருந்து கத்தினான், தன் மானம் போய்விட்டதாம். இரண்டு பேருக்கும் நான் விளக்கம் சொல்லவில்லை. விளக்கம் சொல்லச் சொல்ல இன்னும் பாவமாகத்தான் பார்ப்பார்கள் என்று விளங்கிவிட்டது.

வெறும் பெட்டியை மறுசுழற்சித் தொட்டியில் போடப் போனேன். என்ன செய்கிறேன் என்று பார்த்தால், என் நகம் அதில் ஒட்டியிருந்த என் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அந்த மனுசன் இருபத்தெட்டு வருடத்துக்கு முன் செய்ததை நான் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேனே. இவர் உயிரோடு இருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

நேற்று முன்தினம் வழக்கம்போலக் கதை வாசித்தேன். அன்று நீர் கேட்டீரே, அந்தக் குமாஸ்தா மனைவி அடுப்பில் என்ன வைத்திருந்தாள் என்று. தேடிப் பார்த்தேன். இருக்கிறது. அந்த வீட்டில் அவர்களே தங்களுக்கென்று ஒரு சின்ன வாத்துச் சமைப்பதாக வருகிறது. பிள்ளைகள் சுற்றி நின்று அதைப் புகழ்கிறார்கள். பத்தொன்பது வருடம் சத்தமாக வாசித்தும் எனக்கு அந்த வாத்து கண்ணில் படவில்லை. வான்கோழிதான் பட்டது. இந்த முறை அந்த வாத்து வரிகளை இரண்டு தரம் வாசித்தேன். கதை உருக்கிவிட்டது என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

இனி பெயர் கொடுப்பதென்றால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் யாரும் சம்மதிக்க மாட்டார்களே என்றார். ஓம், அதுதான் என்றேன்.

இதோடு இருப்பது செய்தி மடலிலிருந்து வெட்டிய என் படம். மஹதிக்கு. அவளுக்குக் காட்டுவதா கிழிப்பதா என்று நீர் முடிவு செய்யும். அவளுடைய கால் எப்படி என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் தினமும் நினைக்கிறேன்.

இராசமலர்


தகனினி
4 ஜனவரி 2026

மலர் அக்காவுக்கு,

படத்தை நான் காட்டவில்லை. மேசையில் கிடந்ததை அவளே எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "ஷி லுக்ஸ் ஸோ ஆங்க்ரி வித் த ஹாம்" என்று சொல்லிச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. நானும் கூடவே சிரித்து, அப்புறம் சமையலறைக்குள் போய் அழுதேன்.

திரும்பி வந்தபோது அவள் சிரிக்கவில்லை. "டிட் ஆன்ட்டி டூ தட் ஆன் பர்பஸ்?" என்றாள். ஆமா என்றேன். "எவ்ரிபடி ஸா?" ஆமா, எல்லாரும் பார்த்தாங்க என்றேன். படத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.

காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு கட்டு எட்டுக் கட்டாகி முடிந்தது. முழுதாக நீளவில்லை. புதுப் பிரேஸ் கொடுத்திருக்கிறார்கள், சாம்பல் நிறம். வீட்டுக்குள் போடுகிறாள். வெளியே போடுவாளா என்பது கேள்விதான். மார்ச்சில் மறுபடி பார்த்துவிட்டுக் கத்தியா இல்லையா என்று சொல்வார்களாம். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத முயன்றேன், வரவில்லை. ஆனால் இந்தக் கோபத்தையும் சுமந்துகொண்டு வேலைக்குப் போய்வர எனக்குத் தெம்பில்லை, அக்கா. விரிப்பின் மறு நுனியைப் பிடிக்க ஆள் இல்லாமல் தனியாகப் படுக்கை போடும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது. இது நிஜம்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை வாருங்கள். இது மஹதி சொன்ன நாள். உங்கள் முன்னால் பிரேஸோடு, ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு இருப்பாளாம். நீங்கள் பார்த்து உச்சுக் கொட்டக் கூடாது. பார்க்காத மாதிரி நடிக்கவும் கூடாது. இது அவள் விதி.

என் விதி ஒன்றுதான். கையில் எதுவும் கொண்டுவரக் கூடாது. குழந்தை இருக்கிற வீட்டுக்கு எப்படி என்று ஆரம்பிப்பீர்கள், தெரியும். பழம் வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைகூட வேண்டாம். அடை சுடுகிறேன். உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கல்யாணி


பாட்டனி டவுன்ஸ்
11 ஜனவரி 2026

அன்புள்ள கல்யாணிக்கு,

வருகிறேன்.

எனக்கு ஓர் உபகாரம் செய்யும். நான் வரும்போது மஹதியையே கதவைத் திறக்கச் சொல்லும். கறிவேப்பிலை முறிக்கப் போய் இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டேன். அறுபது வயதில் முதல் தரமாக ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு வரப்போகிறேன். வாசலில் நிற்கும்போது இந்த இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், அவளிடம் கேட்கிறேன்.

மலர் அக்கா